வீட்டுக் கோழி வளர்ப்பு: கூடு கட்டும் முன்னும் கோழி வாங்கும் முன்னும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பதினோரு வருடமாகக் கோழிகள் இருக்கின்றன. மதுரைப் பக்கம், ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமான வீடு. முட்டை வாங்க வருகிறவர்கள், அடைக்குக் கோழி கேட்டு வருகிறவர்கள், புது வீடு கட்டிய கையோடு நாலு கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பலரும் கோழியை வாங்கி வந்துவிட்டு, அன்று சாயங்காலம்தான் எங்கே அடைப்பது என்று தேடுகிறார்கள். ஒரு வாரத்தில் பாதிக் கோழி இருக்காது. அதனால் இங்கே கூடு முதலில், கோழி அப்புறம்.

முதல்ல எத்தனை கோழி வாங்கலாம்?

முட்டை மட்டும் போதும் என்றால் நாலு பெட்டை. குஞ்சும் வேண்டும் என்றால் ஐந்து பெட்டை, ஒரு சேவல். ஒற்றைக் கோழியாக மட்டும் வாங்காதீர்கள். கோழி கூட்டமாக வாழ்கிற உயிர். தனியாக விட்டால் தீனி சரியாக எடுக்காது, நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும்.

முதல் வருடம் ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு உங்கள் இடம் எத்தனை தாங்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சேவல் இல்லாம முட்டை போடுமா?

போடும். பெட்டை முட்டையிடுவதற்கும் சேவலுக்கும் சம்பந்தமே இல்லை. சேவல் சேராத முட்டையில் குஞ்சு பொரியாது, அவ்வளவுதான். சாப்பிடும் முட்டையில் இரண்டுக்கும் ருசியிலோ சத்திலோ வித்தியாசம் கிடையாது. உடைக்கும்போது சில நேரம் தெரியும் ரத்தப்பொட்டைக் கருக்குஞ்சு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். முட்டை உருவாகும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிந்தால் வருவது அது. சேவலே பார்க்காத கோழியின் முட்டையிலும் இருக்கும்.

நெருக்கமான தெருவில் வீடு இருந்தால் சேவல் வேண்டாம். விடியற்காலை மூன்றரைக்கே கூவ ஆரம்பித்துவிடும்.

கூடு எவ்வளவு பெருசா இருக்கணும்?

பகலில் திறந்துவிட்டு ராத்திரி மட்டும் அடைப்பதாக இருந்தால் ஒரு நாட்டுக்கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி போதும். ஆறு கோழிக்கு நாலடி நீளம், மூன்றடி அகலக் கூடு சரியாக இருக்கும். உயரம் முன்பக்கம் மூன்றரை அடி, பின்பக்கம் மூன்றடி. மழைத்தண்ணீர் பின்னால் வழிந்துவிடும். பகலிலும் அடைத்தே வைப்பதாக இருந்தால் கூட்டுக்குள் கோழிக்கு நாலு சதுர அடியும், வெளியே வலைபோட்ட உலாவும் இடம் பத்து சதுர அடியும் கணக்கு வையுங்கள். அதற்குக் கீழே போனால் ஒன்றை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும்.

உள்ளே கோழிகள் ஏறி உட்கார ஒரு கம்பு கட்டாயம் வேண்டும். இரண்டு விரல் பருமனில், முனை மழுங்கிய மரக்கம்பு நல்லது. பிவிசி குழாய் வேண்டாம், காலுக்குப் பிடி கிடைக்காமல் ராத்திரி முழுக்கத் தடுமாறும். ஒரு கோழிக்கு ஏழெட்டு அங்குல நீளம் இடம் விடுங்கள். கதவை உங்கள் தோள் நுழைகிற அகலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டை நாம் உள்ளே குனிந்து கழுவ முடியாவிட்டால் கழுவாமலே விட்டுவிடுவோம்.

எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறது? வாஸ்து ஏதும் இருக்கா?

வெயிலும் காற்றும்தான் நான் பார்ப்பது. கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். வலையடித்த நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்குமாக இருப்பதால் காற்று ஊடாகப் போகும். குறுகிய பக்கங்களைப் பலகையால் அடைத்துவிடலாம்.

மரநிழல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. எங்கள் கூடு வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிறது. ஆனால் கூரைமேல் தொங்கும் கிளைகளை வெட்டிவிடுங்கள். ஏன் என்பது கோழி வலை பற்றிய கேள்வியில் வருகிறது.

தரை மண்ணா விடலாமா, சிமெண்டு போடணுமா?

இரண்டையும்விட, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் வைத்துத் தூக்கிய கூடுதான் நம் ஊருக்கு ஏற்றது. மழையில் ஈரம் ஏறாது, பெருச்சாளி குழி பறித்து வராது, எச்சம் கீழே விழுந்துவிடும். அடித்தளத்துக்கு மூங்கிலைப் பிளந்தோ மரச்சட்டத்தையோ அரை அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். இடைவெளி அதற்கு மேல் போனால் குஞ்சுகளின் கால் மாட்டும்.

கூட்டின் கால்களில் எறும்பு ஏறும். பழைய பெயிண்ட் டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டி, ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கட்டெறும்பு அடைக்கூடையில் புகுந்தால், குஞ்சு ஓடு உடைக்கும் நேரத்திலேயே கடித்துக் கொன்றுவிடும். எனக்கு அப்படி ஒரு அடை முழுக்கப் போயிருக்கிறது. தண்ணீரை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.

தரையோடு கட்டியே ஆக வேண்டும் என்றால் சிமெண்டு போட்டு, அதன்மேல் மூன்று நாலு அங்குலத்துக்கு நெல் உமி, மரத்தூள், கடலைத்தோல், தேங்காய் நார்க்கழிவு இவற்றில் ஏதாவது பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உதிர வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் ஈரம் அதிகம், மாற்றிவிடுங்கள்.

கூரைக்குத் தகரம் போதுமா? கையில இருக்கு.

போதும். ஆனால் அதன்மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்கு போடுங்கள். சித்திரை வெயிலில் வெறுந்தகரத்துக்கு அடியில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அப்படியே செத்தும் போகும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை அறுத்துப் போட வேண்டாம், அந்தத் தூசி நம் நுரையீரலுக்கு ஆகாது. பழைய நாட்டு ஓடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கூரைக்குக் கீழே நாலு அங்குலமாவது வலை மட்டும் போட்டுத் திறந்துவிடுங்கள். சூடும் எச்சத்தின் காரமும் மேலே ஏறித்தான் வெளியே போகும். மழைச்சாரலுக்கும் மார்கழிப் பனிக்கும் சாக்கைப் படுதாவாகத் தொங்கவிட்டால் போதும்.

கோழி வலை அடிச்சிருக்கேனே, பத்தாதா?

பத்தாது. கடையில் கோழி வலை என்று கேட்டால் தருகிற அறுகோண வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், ஒரு அங்குலக் கண்ணில் சின்னப் பாம்பு நுழைந்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை வாங்குங்கள். செலவு கூடத்தான் ஆகும். மற்றதில் மிச்சம் பிடித்து இதில் போடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஐப்பசி ராத்திரியில். மழை, கரண்ட் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஏழு கோழியில் ஐந்து கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. ஒன்றைத்தான் தூக்கிப் போயிருந்தது. மீதி ஒன்று மூலையில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. மரநாய் வேப்பங்கிளை வழியாகக் கூரையில் இறங்கி, ஓட்டுக்கும் வலைக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்திருக்கிறது. நாலு விரல் அகலம்தான் அந்தச் சந்து. அன்றைக்கே கிளையை வெட்டினேன்.

இப்போது கூடு கட்டும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: கட்டி முடித்ததும் இருட்டிய பிறகு உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிகிற சந்துகளில் இரண்டு விரல் நுழைகிற ஒவ்வொன்றையும் அடையுங்கள். கதவுக்கு நாதாங்கியோடு ஒரு கொக்கியும் போடுங்கள்.

எங்க ஆச்சி பஞ்சாரத்துலதான் கவுத்து வைப்பாங்க. கூடே தேவையில்லன்னு சொல்றாங்களே?

ஆச்சி காலத்தில் பஞ்சாரத்தை, அதாவது கோழியை மூடிவைக்கும் மூங்கில் கூடையை, வீட்டுக்குள், ஆட்கள் படுத்திருக்கும் திண்ணையில் கவிழ்த்தார்கள். மேலே ஒரு அம்மிக்குழவியும் இருக்கும். காவலுக்கு மனிதர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இன்று வெளியே தனியாகக் கவிழ்த்தால் ஒரு நாய் தட்டிவிடும்.

ஆனால் பஞ்சாரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். குஞ்சு பொரித்த தாய்க்கோழிக்கு முதல் இரண்டு மூன்று வாரம் அதைவிட நல்ல வீடு இல்லை. பருந்தும் காக்காயும் மேலே வட்டமிடும் நேரத்தில் தாயையும் குஞ்சையும் சேர்த்து மூடிவிடலாம். காற்று வரும், வெளிச்சம் வரும்.

முட்டை போடத் தனிப் பெட்டி வேணுமா?

வேண்டும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு பெட்டி நாலைந்து கோழிக்குப் போதும். பழைய மண்சட்டியோ கூடையோ கூட ஆகும். உள்ளே வைக்கோல், இருட்டான மூலை. உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். பெட்டி உயரமாக இருந்தால் ராத்திரி அதிலேயே ஏறித் தூங்கி எச்சமிடும்.

நாட்டுக்கோழி வாங்குறதா, பண்ணைக்கோழி வாங்குறதா? ஒரே குழப்பமா இருக்கு.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் முட்டைதான் முக்கியம் என்றால் பிவி 380 போன்ற முட்டைக் கலப்பினம். ஐந்து மாதத்தில் முட்டைக்கு வரும். நல்ல தீனி கொடுத்தால் வருடத்துக்கு 280 முட்டைக்குக் குறையாது. ஆனால் அடைக்கு உட்காராது. மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளவும் அவ்வளவாகத் தெரியாது; கடைத் தீனி வாங்கித்தான் ஆக வேண்டும். பருந்து நிழல் விழுந்தால் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி சட்டென்று புதருக்குள் ஓடும். கலப்பினமோ நின்று அண்ணாந்து பார்க்கும்.

கூட்டம் தானாகப் பெருக வேண்டும், அதிகச் செலவு கூடாது என்றால் சிறுவிடை. பெட்டை ஒன்று முதல் ஒன்றரை கிலோதான் இருக்கும். ஒரு சுற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும். குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் திரிந்துவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அறுபது எழுபது முட்டைதான். ஆனால் தாய்மையில் அதற்கு இணை கிடையாது. பெருவிடை, அதாவது அசில் வகை, உயரமும் கறியும் உள்ளது. முட்டை குறைவு. கனமான உடம்பு என்பதால் அடையில் முட்டையை மிதித்து உடைத்துவிடும். சேவல்கள் ஒன்றோடொன்று சாகும்வரை சண்டை போடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே சில இனங்கள் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா முட்டைக்கும், வனராஜா முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்தவை நந்தனம் கோழி, நாமக்கல் கோழி. பல நிற இறகோடு நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும், வெளியே விட்டும் வளர்க்கலாம். ஆனால் அடைகாக்க இவற்றை நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால் மூன்று சிறுவிடை, இரண்டு கிராமப்பிரியா, ஒரு நல்ல சிறுவிடைச் சேவல். கிராமப்பிரியா முட்டை கொடுக்கும். சிறுவிடை தன் முட்டையோடு அதன் முட்டையையும் சேர்த்து அடைகாக்கும்.

கருங்கோழி முட்டை கருப்பா இருக்குமா?

இருக்காது. கடக்நாத் கோழிக்குத் தோல், கறி, எலும்பின் மேல்சவ்வு எல்லாம் கருப்பு. முட்டை மட்டும் இளம் பழுப்புதான். கருப்பு முட்டை என்று யாராவது அதிக விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். கடக்நாத்தின் சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதி. 2018இல் அதன் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகுதான் நம் பக்கத்தில் இவ்வளவு பேச்சு. அடைக்கு உட்காருவது குறைவு. வளர்க்கத் தாராளமாக வளர்க்கலாம், அதிசயம் எதுவும் எதிர்பார்க்காமல்.

சந்தையில வாங்கலாமா? விலை கம்மியா இருக்கே.

சந்தைக்கு வருகிற கோழியில் ஒரு பங்கு, பக்கத்து ஊரில் வெள்ளைக்கழிச்சல் நோய் தலைகாட்டியதும் அவசரமாக விற்க வந்தவை. பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்றாவது நாள் தலை தொங்கும், உங்கள் பழைய கோழிகளையும் சேர்த்துக்கொண்டு போகும். அதனால் தெரிந்தவர் வீட்டில், கூட்டத்தையே பார்த்து வாங்குங்கள். அங்கே மற்ற கோழிகள் எப்படி ஓடுகின்றன, எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அரசு கோழிப்பண்ணைகளிலும் கால்நடைக் கல்லூரிகளிலும் முன்பதிவு செய்தால் குஞ்சு கிடைக்கும். எங்கே வாங்கினாலும் முதல் மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள்.

நல்ல கோழியான்னு கையில பிடிச்சு எப்படிப் பார்க்கிறது?

கண் தெளிவாக, நுரையோ நீரோ இல்லாமல் இருக்க வேண்டும். கொண்டை சிவந்து, கையில் பிடித்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். நெஞ்செலும்பைத் தடவுங்கள், கத்தி மாதிரி குத்தினால் இளைத்த கோழி. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கி, பேனும் செள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க இறகில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கு ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு கூர் எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும், அந்த இடம் மிருதுவாக ஈரமாக இருக்கும். ஒரு விரல்கூட நுழையாவிட்டால் முட்டைக்கு வரவில்லை, இல்லையென்றால் நிறுத்திவிட்டது. விற்பவர் "நேத்துக்கூட முட்டை போட்டுச்சு" என்று சொன்னால் இதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

திருவிழாவுல கலர் குஞ்சு வாங்கினேன். ரெண்டு நாள்ல எல்லாம் செத்துப்போச்சு. ஏன்?

அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். பொரித்த ஒன்றிரண்டு நாளில் சாயம் நனைத்து விற்பதற்கு அனுப்புகிறார்கள். சாயம், அலைச்சல், குளிர் மூன்றும் சேர்ந்து கொன்றுவிடும். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க வாங்கத்தான் விற்பார்கள்.

தாயில்லாத எந்தக் குஞ்சுக்கும் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்; ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம்; பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தீனி என்ன போடணும்? வீட்டு மிச்ச சோறு போதாதா?

சோறு மட்டும் போட்டால் கோழி கொழுக்கும், முட்டை குறையும். மேயும் சிறுவிடைக்கு காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் அடைக்கும் முன் ஒரு கைப்பிடி என்று கம்பு, சோளம், அரிசிக் குருணை, தவிடு கலந்து போட்டால் போதும். அதனோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தால் தொடவே கூடாது, அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். முட்டைக் கலப்பினத்துக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் முட்டைக்கோழித் தீனி தேவை. ஓடு உறுதியாக இருக்கக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்துப் பொடித்துப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும்.

குஞ்சுகளுக்குக் கரையான்தான் அமிர்தம். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் திருப்பினால் உள்ளே வெள்ளையாக நெளியும். வெயில் ஏறும் முன் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டிவிடுங்கள். தாய்க்கோழி "கொக், கொக்" என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கொத்திக் கீழே போட்டுக் குஞ்சுகளுக்குக் காட்டும். அதைப் பார்க்கவே நான் தினமும் சீக்கிரம் எழுவேன்.

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தீனியின் எடையைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம்.

வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சு. என்ன மருந்து கொடுக்கலாம்?

வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. இதை மனதைத் தேற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எப்போதும் கையில் சாகும் கோழியோடு வருகிறது. இது வைரஸ் நோய். இங்கிலாந்தின் நியூகாசில் ஊர்ப் பெயராலும், நம் நாட்டில் இமயமலைப் பக்கத்து மலையூரான ராணிக்கெட் பெயராலும் அழைக்கிறார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், தூங்கி வழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். நாட்டு மருந்து கொடுத்துப் பிழைத்தது என்பார்கள். தப்பிக்கும் உடல்வாகுள்ள கோழி தப்பித்திருக்கும். சீரகம், மிளகு, கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் தடுப்பூசிக்குப் பதில் அது ஆகாது.

நோய்க்கோழியை உடனே பிரித்து வையுங்கள். செத்ததை ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த தெருவுக்கும் போகும். கையாண்டபின் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கண் சிவந்து எரியும்.

தடுப்பு இப்படி: பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, நாலாவது வாரம் தண்ணீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி. ஊசி போட்ட பெரிய கோழிகளுக்கு அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. கோழியைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனால் போதும். தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. பெரிய கோழியைப் பிடிக்கச் சிரமப்படுகிறவர்கள் கால்நடை மருந்தகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஊசி போட்டும் செத்துப்போச்சே, அப்ப எதுக்குப் போடணும்?

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, மருந்து ஐஸ் இல்லாமல் வந்திருக்கும். சூடு பட்ட தடுப்பு மருந்து வெறும் தண்ணீர்தான். இரண்டு, லசோட்டாவை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலக்கியிருப்பார்கள். குளோரின் அதைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரோ ஆறவைத்த வெந்நீரோ பயன்படுத்துங்கள். கொஞ்சம் பால்பவுடர் கலந்தால் மருந்து நீடிக்கும். மூன்று, நோய் ஏற்கெனவே உடலுக்குள் வந்தபின் போட்டிருப்பார்கள். தடுப்பு சக்தி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

முட்டை போட்டுட்டு இருந்த கோழி திடீர்னு நிறுத்திருச்சு. யாராவது கண்ணு வச்சிருப்பாங்களோ?

முதலில் ஒளிந்து போடுகிறதா என்று பாருங்கள். எங்கள் அம்மா காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு பெட்டையையும் அக்குளில் இடுக்கி, பின்பக்கம் விரலை மெல்ல வைத்துப் பார்ப்பார். ஓடு தட்டுப்பட்டால் அந்தக் கோழி மட்டும் முட்டையிடும்வரை உள்ளே இருக்கும். ஒரு முறை ஒரு மாதத்துக்கு மேல் "நிறுத்திவிட்ட" கோழி, விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து பதினொரு குஞ்சுகளோடு வெளியே வந்தது.

அப்புறம் பாருங்கள்: இறகு உதிர்க்கிறதா? அந்த இரண்டு மாதம் சத்தெல்லாம் புது இறகுக்கே போகும். கடும் வெயிலா? தீனி குறைவாக எடுக்கும், முட்டை நிற்கும். ராத்திரி டார்ச்சோடு போய்க் கம்பின் அடிப்பக்கத்தையும் பலகைச் சந்தையும் பாருங்கள்; சிவப்புச் செள் பகலில் அங்கே ஒளிந்து ராத்திரி ரத்தம் உறிஞ்சும். சந்துகளில் சுண்ணாம்பு அடித்து, கோழிகள் புரளச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழியை வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

அடைக்கு எத்தனை முட்டை வைக்கலாம்? இடி இடிச்சா கூமுட்டை ஆகிடும்னு இரும்பு வைக்கணுமாமே?

சிறுவிடைக்கு பத்து, கோடையில் பன்னிரண்டு. ஒரு வாரத்துக்குள் போட்ட, அழுக்கில்லாத, கழுவாத முட்டைகள். முட்டையின் மேல் இயற்கையான ஒரு பூச்சு உண்டு, கழுவினால் போய்விடும். மூங்கில் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோலும் வேப்பிலையும் போட்டு, சாயங்காலத்தில் உட்கார வையுங்கள். ஏழாவது நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்தக்கோடு தெரிந்தால் கரு உண்டு. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும்.

இரும்புத்துண்டும் கரியும் வற்றல் மிளகாயும் எங்கள் வீட்டிலும் வைத்தார்கள், இன்றும் அம்மாவுக்காக வைக்கிறேன். முட்டை கூமுட்டையாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சேவல் சேராதது, பழைய முட்டை, இல்லையென்றால் கோழி நெடுநேரம் எழுந்துபோய்க் குளிர்ந்தது.

அடையில உக்கார்ந்த கோழியை எழுப்ப என்ன செய்யலாம்? மூக்குல இறகைக் கோக்கச் சொல்றாங்க.

வேண்டாம், அது வதை. தண்ணீரில் முக்குவதும் அப்படித்தான். அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வையுங்கள். வயிறு குளிர்ந்தால் அடை எண்ணம் போய்விடும்.

பக்கத்து வீட்டுல நாத்தம், ஈ, பாம்பு வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும். நாற்றம் ஈர எச்சத்திலிருந்து வருகிறது. கூட்டுக்கு அடியில் தினம் ஒரு கை சாம்பல் தூவி, வாரம் ஒரு முறை அள்ளிக் குப்பைக்குழியில் போடுங்கள். பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும், மூன்று மாதமாவது மக்கட்டும். பாம்பு கோழிக்காக வருவதைவிட எலிக்காகத்தான் அதிகம் வரும், எலி சிந்திய தீனிக்கு வரும். சாயங்காலம் தீனிச்சட்டியை எடுத்து மூடி வையுங்கள்.

புதுசா விட்ட கோழியை பழைய கோழிங்க கொத்தியே கொன்னுடும் போல இருக்கு.

சந்தை பற்றிய கேள்வியில் சொன்ன மூன்று வாரம் முடிந்ததும், பழைய கோழிகள் பார்க்கும் தூரத்தில், நடுவே வலை வைத்து ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் இருட்டியபின் கம்பில் ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்தில் தீனி வையுங்கள். ஒற்றையாக விடாமல் இரண்டாக விட்டால் அடி பங்காகும். சில நாள் கொத்து இருக்கும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுங்கள். கோழி சிவப்பைக் கண்டால் விடாது.

பெட்டைக்கோழி கூவுது. வீட்டுக்கு ஆகாதுன்னு அறுக்கச் சொல்றாங்க.

கோழிக்கு முட்டை உருவாவது இடப்பக்கச் சினைப்பையில் மட்டும்தான். அது நோயால் கெட்டுப்போனால் சேவலின் சுரப்பு கூடி, கொண்டை பெருத்து, கூவ ஆரம்பிக்கும். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைப் பெட்டையும் சில நேரம் கூவும். முட்டை வராது என்பதற்காக விலக்கினால் அது உங்கள் விருப்பம். வீட்டில் நடக்கும் கெட்டதுக்கும் அதற்கும் எந்த முடிச்சும் இல்லை.

வயசான கோழியை வச்சிருக்கிறது தண்டமா?

முட்டைக் கலப்பினம் இரண்டு வருடத்துக்குப் பின் நன்றாகவே குறையும். விற்பதா வைப்பதா என்று அப்போது கணக்குப் பார்க்கலாம். சிறுவிடையில் நான் அப்படிப் பார்ப்பதில்லை. முட்டை குறைந்தாலும் வயதான பெட்டைதான் அடையில் பொறுமையாக இருக்கும், முட்டையை மிதிக்காது, பருந்தை முதலில் பார்க்கும்.

மரநாய் வந்த ராத்திரியில் மூலையில் நின்று தப்பித்ததே, அந்தச் சாம்பல் நிறப் பெட்டைக்கு இப்போது எட்டு வயது. போன வருடம் அது போட்டது மொத்தம் ஒன்பது முட்டை. அதை இந்த மாதம் கிராமப்பிரியா முட்டைமேல் வைத்திருக்கிறோம். இன்று பதினான்காம் நாள்.